9 ஆயிரம் அப்ரண்டிஸா, 14 ஆயிரம் காண்ட்ராக்டா?

அக்கா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டான். இரண்டு அரியரைத் துரத்திப் பிடிப்பதற்குள் வயது 21 ஆகிவிட்டது. செஞ்சியிலிருந்து பஸ் ஏறி வந்தவன், காபியைக் கூடக் குடிக்காமல் செல்போனை என் முன்னால் நீட்டினான். "மாமா, இதுல எதுக்குப் போறது?"

மூன்று செய்திகள் இருந்தன. சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரு வருட அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர் பயிற்சி, மாதம் 9 ஆயிரம். அதே சாலையில் இன்னொரு கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் காண்ட்ராக்ட் வேலை, பிடித்தம் போகக் கையில் 14 ஆயிரம். அப்புறம் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் ஓர் இடம், மாதம் 5 ஆயிரம். நான்காவது வழி செல்போனில் இல்லை, அவன் அப்பா மனத்தில் இருந்தது. வீட்டிலேயே இருந்து குரூப் 4-க்குப் படிப்பது.

இரவு அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "டிப்ளமோ படிச்ச பையனை 9 ஆயிரத்துக்குக் கூப்பிடுறான்னா ஏமாத்துறான்னுதானே அர்த்தம்? அதுக்குப் போகாமலே இருக்கலாமே?"

நியாயமான கேள்விதான். குறைந்த கூலித் திட்டத்துக்குள் போன பிள்ளை, போகாமல் இருந்ததைவிட மோசமான நிலையில் வெளியே வருவதும் உண்டு. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சம்பளம் குறைவு என்பதால் மட்டும் அப்படி ஆவதில்லை.

முதலில் காசுக் கணக்கைப் போட்டோம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில். ஒரகடம் பக்கம் 4 பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் அவன் பங்கு 1,800. வேலை நாளில் ஒரு வேளை கம்பெனி கேண்டீன்; மற்ற சாப்பாட்டுக்கும் டீக்கும் 3,000. போன், சோப்பு, முடிவெட்டு என்று 900. மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போய்வர 600. மொத்தம் 6,300. இதைவிடச் சுருக்கினால் பையன் உடம்பு தாங்காது.

அப்ரண்டிஸ் என்றால் மிச்சம் 2,700. காண்ட்ராக்ட் என்றால் 7,700. மாதம் 5 ஆயிரம் வித்தியாசம், வருடத்துக்கு 60 ஆயிரம். காண்ட்ராக்டில் பி.எஃப். கணக்கில் முதலாளி பங்கும் சேரும். அதையும் கூட்டினால் வித்தியாசம் இன்னும் பெரிது. இன்டர்ன்ஷிப்பில் மிச்சமே கிடையாது, மாதம் 1,300 துண்டு விழும். வருடத்துக்கு 15,600. திட்டத்தில் ஒரே ஒரு தடவை தரும் 6,000 ரூபாயைக் கழித்தாலும் அக்கா வீட்டிலிருந்து 9,600 போட வேண்டும். அதுவும் அங்கே கேண்டீன் இருந்தால்.

ஆக, அப்ரண்டிஸ் சான்றிதழின் விலை 60 ஆயிரம் ரூபாய். கடையில் விலை ஒட்டியிருக்காது, ஆனால் கொடுக்கப்போவது அவ்வளவுதான். அந்த விலைக்கு அது பெறுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனிக்கு எவ்வளவு ஆகிறது என்பதையும் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் விதிகளை 2019-இல் திருத்தியபோது குறைந்தபட்ச உதவித்தொகையை 5 ஆயிரத்திலிருந்து 9 ஆயிரம் வரை வைத்தார்கள்; டிப்ளமோவுக்கு 8 ஆயிரம், பட்டதாரிக்கு 9 ஆயிரம். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் இதை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. டிப்ளமோ, பட்டதாரி அப்ரண்டிஸ்களுக்கான திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அதாவது டிப்ளமோவுக்கான 8 ஆயிரத்தில் பாதி, 4 ஆயிரம், அரசு காசு; அவனுடைய 9 ஆயிரத்தில் கம்பெனி கையிலிருந்து போவது 5 ஆயிரம். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பாதுகாப்பு விதிகளும் விபத்து நஷ்டஈடும் மட்டும் தொழிலாளிக்கு உள்ளபடியே பொருந்தும்.

5 ஆயிரத்துக்கு ஒரு டிப்ளமோ பையன் கிடைக்கிறான் என்றால் எந்த முதலாளிக்குத்தான் லைன் முழுக்க அப்ரண்டிஸையே நிறுத்தத் தோன்றாது? அதனால்தான் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரைதான் அப்ரண்டிஸ் வைக்கலாம். மேல் எல்லை முன்பு 10 சதவீதமாக இருந்தது.

பயிற்சி முடிந்தால் வேலை உண்டா? கட்டாயம் இல்லை. அப்ரண்டிஸை வேலைக்கு எடுப்பது பற்றி முதலாளி தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது, அதோடு சரி. உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருக்கும்போது பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. முன்னுரிமை வேறு, வேலை வேறு. ரயில்வேயில் மட்டும் கொஞ்சம் திடமான ஏற்பாடு உண்டு: அப்ரண்டிஸ் சட்டப்படி ரயில்வே பட்டறைகளிலேயே பயிற்சி முடித்த 'ஆக்ட் அப்ரண்டிஸ்'களுக்குக் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம். அதுவும் போதவில்லை என்றுதான் 2018 மார்ச் 20 காலையில் மும்பை மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் நடுவே தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

வேலைக்கு உத்தரவாதம் இல்லை, காசும் கம்மி. அப்படியென்றால் 60 ஆயிரத்துக்கு என்னதான் கிடைக்கிறது?

என் கதையைச் சொன்னால்தான் புரியும். நானும் டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாகப் போனவன்தான். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் 8 மாதம் ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். வந்த சரக்கைப் பின் கார்டில், அதாவது சரக்கு இருப்பு அட்டையில், எழுதுவது, போன சரக்கைக் கழிப்பது, மதியம் அதிகாரிகளுக்கு டீ சொல்லி அனுப்புவது. கையெழுத்து நன்றாக இருந்ததுதான் என் துரதிர்ஷ்டம், என்னை விடவே மாட்டேன் என்றார்கள். உதவித்தொகை பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. 9-ஆம் மாதம் குவாலிட்டியில் ஓர் ஆள் லீவில் போனதால் என்னை அங்கே தள்ளினார்கள். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் வெர்னியர் என்ற அளவுகோலைப் பிடிக்கவும் டிராயிங் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு வரை விலகலாம் என்ற வரம்பு, 20 மைக்ரான் என்று போட்டிருந்தால் வேலை நேரத்தில் அது எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய விஷயம் என்று நான்கு மாதம் பொறுமையாகக் காட்டினார். அடுத்த கம்பெனி நேர்முகத்தில் என்னிடம் கேட்டதெல்லாம் அந்த நான்கு மாதத்திலிருந்துதான். பின் கார்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஆள் லீவு போட்டிருக்காவிட்டால், ஒரு வருடத்தைக் கொடுத்துவிட்டு வெறும் காகிதத்தோடு வந்திருப்பேன். ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். 8 மாதம் வீண், 4 மாதம் சோறு போட்டது.

அதனால் அக்கா மகனிடம் நான் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல. "உன்னை சி.என்.சி. மெஷினில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) நிறுத்தினால் லோடிங், அன்லோடிங் மட்டுமா, இல்லை ஆஃப்செட் போடவும் விடுவார்களா?" பாகத்தை மாட்டிக் கதவை மூடிப் பச்சை பட்டனை அழுத்துவதை ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். டூல் தேய்ந்தபோது எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து, அதைத் திரையில் சரிசெய்து, முதல் பாகத்தை ஓட்டிப் பார்த்து ஓகே வாங்குவது வேறு வேலை; ஆஃப்செட் போடுவது என்பது அதுதான். அது தெரிந்தவனுக்கு அந்தச் சாலையில் எந்தக் கம்பெனியிலும் நாற்காலி உண்டு. முதல் மாதம் கற்றதையே 12-ஆம் மாதமும் செய்துகொண்டிருந்தால் அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தது யாராக இருந்தாலும் அது குறைந்த கூலி வேலைதான்.

இந்தப் பெயர் வைக்கும் வித்தையில் நம்மூர் கைதேர்ந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 'நீம் டிரெய்னி' என்று ஒரு கூட்டமே இருந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2013-இல் கொண்டுவந்த திட்டம் அது. 3 மாதத்திலிருந்து 36 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். திறனில்லாத் தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உதவித்தொகை தந்தால் போதும். அது வேலை ஒப்பந்தமே அல்ல. மூன்று வருடம் நிரந்தரத் தொழிலாளி பக்கத்தில் நின்று அதே போல்ட்டை முடுக்கிய பையன், முடிந்ததும் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பி.எஃப். எண்கூட இல்லாமல் வெளியே வந்தான். 2022 கடைசியில் கவுன்சிலே அந்த விதிமுறைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த மூன்று வருடத்தைத் திரும்பப் பெறத்தான் வழியில்லை.

அதற்கும் முன்னால், பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம். கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு பக்கத்து மில்களுக்குத் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை மூன்று வருடத்துக்கு அழைத்துப்போனார்கள். விடுதிக்குள்ளேயே தங்கல், வெளியே போக அனுமதி அபூர்வம். முடிவில் 30 ஆயிரம், 50 ஆயிரம் என்று ஒரு மொத்தத் தொகை, கல்யாணத்துக்கு, வரதட்சணைக்கு என்று. பரிசு மாதிரிச் சொன்னார்கள். உண்மையில் அது மாதாமாதம் அவளுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி. இரண்டரை வருடத்தில் உடம்புக்கு முடியாமல் போய்த் திரும்பினால் பெரும்பாலும் அதுவும் போச்சு. அத்தனை காலமும் ஏட்டில் அந்தப் பெண் 'அப்ரண்டிஸ்'. ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை முடிச்சுப் போட மூன்று வருடப் பயிற்சி எதற்கு என்று யாரும் கேட்டிருக்க வேண்டாமா? வரதட்சணைத் தடைச் சட்டமும் அப்ரண்டிஸ் சட்டமும் ஒரே வருடத்தில், 1961-இல் வந்தவை. ஒன்றை மீற இன்னொன்றைப் பயன்படுத்திய ஊர் இது.

அக்காவின் பயத்துக்கு இதெல்லாம்தான் காரணம். எங்கள் பக்கத்துத் தெருவிலும் மில்லுக்குப் போய் இருமலோடு திரும்பிய பெண் உண்டு.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சட்டப்படியான அப்ரண்டிஸ் ஒப்பந்தத்துக்கு அரசு இணையதளத்தில் பதிவும் ஒப்பந்த எண்ணும் இருக்கும். 'கம்பெனி டிரெய்னி' என்று லெட்டர் பேடில் அடித்துத் தருவதற்கு அது இருக்காது. எண் கொடுக்க இழுத்தடித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். இன்னொன்று ஓவர்டைம். அரசு அதிகாரியான அப்ரண்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸிடம் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்பது சட்டம். "12 மணி நேரம், ஓ.டி. காசு தனி" என்று ஆசை காட்டும் இடத்தில் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

சரி, காண்ட்ராக்ட். 14 ஆயிரத்தை நான் கேவலமாகப் பேச மாட்டேன். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது, தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றால் யோசிக்காமல் போக வேண்டியதுதான். பி.எஃப். எண் விழும், இ.எஸ்.ஐ. அட்டை வரும், அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கலாம். ஆனால் ஏஜென்சி வேலையில் கம்பெனி உன்னை லைனுக்கு வாங்குகிறது, ஆளாக வாங்குவதில்லை. 11 மாதத்தில் ஒரு பிரேக், அப்புறம் வேறு ஏஜென்சி பெயரில் அதே கேட். 5 வருடம் கழித்தும் அடுத்தவன் சொல்லும் பாகத்தை அடுத்தவன் சொல்லும் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் 26 வயதுக்காரர்களை அந்தச் சாலையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பலர் கவனிக்காதது, எந்தக் கதவை முதலில் திறப்பது என்பது. டிப்ளமோவுக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் வந்துவிட்டால் அப்ரண்டிஸுக்கு விண்ணப்பிக்க முடியாது என்றுதான் பெரும்பாலான அறிவிப்புகளில் போட்டிருக்கிறது. அப்ரண்டிஸ் முடித்தவர் பிரதமர் இன்டர்ன்ஷிப்புக்குப் போக முடியாது. அதற்கு வயதும் 21-லிருந்து 24-க்குள் இருக்க வேண்டும். அப்ரண்டிஸ் முடித்துவிட்டுக் காண்ட்ராக்டுக்குப் போகலாம். காண்ட்ராக்டில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு அப்ரண்டிஸுக்கு வர முடியாது. 14 ஆயிரத்தை முதலில் எடுப்பவன் தனக்குத் தெரியாமலே இன்னொரு கதவைச் சாத்திவிட்டுப் போகிறான்.

இன்டர்ன்ஷிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கியது. பெரிய 500 கம்பெனிகளில் 12 மாதம். 5 ஆயிரத்தில் 4,500 அரசு, 500 கம்பெனி. முதல் சுற்றில் 1.27 லட்சம் இடங்கள் வந்தன. 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் போயின. சேர்ந்தவர்கள் 9 ஆயிரத்துக்கும் குறைவு. அந்த எண்ணிக்கை எங்கள் காலண்டர் தாள் கணக்கைத்தான் சொல்கிறது. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பட்டதாரிக்கு, ரெஸ்யூமேயில் ஒரு பெரிய பெயர் வேண்டும் என்றால், சரி. செஞ்சியிலிருந்து அறை எடுத்துத் தங்குபவனுக்கு இது பெற்றோர் காசில் கம்பெனிக்குச் செய்யும் சேவை.

மிச்சம் இருப்பது அத்தான் சொன்ன வழி. 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 2025-இல் 3,935 இடம், 13.89 லட்சம் விண்ணப்பம். படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை முயற்சி, எந்த வயது வரை என்று முன்பே ஒரு கோடு கிழித்துக்கொண்டு படிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தக் கோட்டைக் கிழிக்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. வேலையில்லாதோருக்கு அரசு தரும் உதவித்தொகையை நம்பி இருக்கலாம் என்று நினைத்தால், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் கணக்கும் ஐரோப்பாக் கணக்கும் பிரிகின்றன. ஸ்வீடனில் 1992-இல் வேலையில்லாத இளைஞர்களைக் குறைந்த உதவித்தொகையில் நிறுவனங்களில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, போனவர்களின் வேலையும் வருமானமும் முதல் வருடம் போகாதவர்களைவிடக் கீழே இருந்தன. இரண்டு வருடம் கழித்து வித்தியாசம் ஏறக்குறைய இல்லை, இருந்தால் லேசான லாபம். உள்ளே இருக்கும் காலத்தில் பிள்ளைகள் வெளியே வேலை தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனியில் 2005-இல் வந்த 'ஒரு யூரோ வேலை', அதாவது அரசு உதவித்தொகை வாங்குபவர்களை மணிக்கு ஒரு யூரோ அளவு கூடுதல் காசுக்கு வேலை செய்ய வைத்த திட்டம், அதில் வேறு கோளாறு: வழக்கமான வேலைகளுக்குப் போட்டியாக இருக்கக் கூடாது என்பது விதி, அதனால் வழக்கமான வேலை எதற்கும் உதவாத வேலையாகவே தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கெல்லாம் வீட்டில் இருந்தாலும் அரசு உதவித்தொகையில் சோறு உண்டு. திட்டத்தை எதனோடு ஒப்பிடுவது என்பது அங்கே வேறு. இங்கே ஒப்பிடுவதற்கு இருப்பது அப்பாவின் மணிலாக் காடும் அம்மாவின் நகையும்தான்.

ஆனால் ஸ்வீடன் பாடம் ஒன்று இங்கேயும் செல்லும். அப்ரண்டிஸில் சேர்ந்துவிட்டோம் என்று விண்ணப்பம் போடுவதை நிறுத்தக் கூடாது. 8-ஆம் மாதத்திலிருந்தே அடுத்த இடத்துக்கு எழுத ஆரம்பித்துவிட வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இவனுடைய பிளஸ் டூ தோழி ஒருத்தி பி.காம். முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் பட்டதாரி அப்ரண்டிஸாக இருக்கிறாள். சட்டப்படி எல்லாம் சரி, ஒப்பந்த எண்ணும் உண்டு. வேலை? சட்டையை மடித்து அடுக்குவது, கூட்ட நேரத்தில் பில்லிங்கில் நிற்பது. அவளுக்கு நான் சொல்லும் பதில் வேறு: இரண்டே மாதத்தில் அக்கவுண்ட்ஸ் பக்கம் மாற்றச் சொல், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மேஜைக்கு அருகில் போகாத ஒரு வருடம் உனக்குத் தண்டம், மாற்றவில்லை என்றால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 7 ஆயிரத்துக்குப் போ. அங்கே சம்பளம் இதைவிடக் குறைவு. ஆனாலும் அதுதான் லாபம்.

பையனை நான் எச்.ஆர்.-ஐ நம்பி அனுப்பவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாக ஒரகடம் போய், அந்தத் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு உட்கார்ந்தோம். ஒரு கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. அப்ரண்டிஸ் பேட்ஜ் போட்ட ஒரு பையன் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னான். முதல் 3 மாதம் லோடிங், அன்லோடிங்தான். அப்புறம் குவாலிட்டிக்கும் மெயின்டனன்ஸுக்கும் மாற்றுவார்கள். போன பேட்ச் 22 பேரில் 6 பேரைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. மீதிப் பேரில் சிலர் பக்கத்துக் கம்பெனிகளில் இருக்கிறார்கள், சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள். "ஆஃப்செட் போட விடுவாங்களாண்ணே?" என்று இவன் கேட்டான். "நைட்ல ஆபரேட்டருக்குத் தூக்கம் வந்தா விடுவாங்க" என்று சிரித்தான்.

இரவு ஷிப்டில் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒருவர் லீவில் போனதால் கற்றவன்தானே.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இருந்தே ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டான். "சார், இப்ப வர முடியல, ஒரு வருஷம் கழிச்சுக் கேட்கட்டுமா?" என்றான். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. கோபமே இல்லை. "தாராளமா வா தம்பி, இந்த வேலை எங்கயும் போயிடாது. எப்பவும் ஆள் வேணும்."